ஆங்கில தினத்தில் மகள் சொன்ன கவிதை

எங்கள் சேமிப்பு முழுவதையும் கணவர் பிட்காயின் என்ற இணையப் பணத்தில் போட்டிருந்தார். அதைத் திறக்கப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. அவற்றை வரிசை மாறாமல் அறிந்த எவரும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீடு பதுளை நகருக்கு மேலே மலையில், மண்சரிவு அபாயம் என்று அறிவித்திருந்த இடத்தில் இருந்தது. காகிதத்தை நம்ப முடியாதென்று, சொற்களை என்னை மனப்பாடம் செய்யச் சொன்னார். ரொட்டி சுடும்போது நான் அவற்றைச் சொல்லிப் பார்ப்பேன். ஏழு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

பள்ளி ஆங்கில தினத்தில் அவளைக் கவிதை சொல்லக் கூப்பிட்டார்கள். மேடையேறி, மைக்கைப் பிடித்து, அந்தப் பன்னிரண்டு சொற்களையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கும்பிட்டாள். மண்டபமே கைதட்டியது. கணவர் எழுந்து வெளியே போனார். போன் சிக்னலுக்காக மதில்மேல் ஏறி நின்று, பணம் முழுவதையும் வேறு சொற்களால் திறக்கும் கணக்குக்கு மாற்றிவிட்டுத்தான் இறங்கினார்.

ஆங்கில ஆசிரியை என்னிடம் வந்தார். "உச்சரிப்பு நல்லா இருந்திச்சுங்க. கருத்துத்தான் எனக்கு விளங்கல. யாரு எழுதினது?"

"அவங்க அப்பாங்க," என்றேன்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. பஸ்ஸில் மகள் கேட்டாள்: "நான் பிழையா சொல்லிட்டேனாப்பா?"

"இல்லடா. ஒன்னாவது பிழையா சொல்லியிருக்கலாம்," என்றார் கணவர்.

அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். புதிய சொற்களை இன்றுவரை எனக்கும் சொல்லவில்லை.