சைபருக்காகக் காத்திருந்தவர்

தலத்தெரு கம்ப்யூட்டர் வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. மீனவர் வீட்டுப் பெண், முப்பது வயதிருக்கும். தட்டச்சு செய்யுமுன் வளையல்களை முழங்கை வரை ஏற்றிக்கொள்வார்.

எண்களைக் குலுக்கிப் போட்டுக் கணக்குக் கேட்கும் சின்ன புரோகிராம் ஒன்றை அவரே எழுதினார். ஒவ்வொரு கணக்குக்கும் விடை தட்டிவிட்டு, "அடுத்தது வாடா!" என்று திரையை அதட்டினார். திடீரென்று எட்டைச் சைபரால் வகுக்கச் சொன்ன புரோகிராம், தானே விடை தெரியாமல் நின்றுபோனது.

"சார், கேட்டவனே முழிக்கிறான் பாருங்க!"

துள்ளி எழுந்து, கணவரை வந்து பார்க்கச் சொல்லிப் போன் பேச வெளியே ஓடினார்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. சைபரால் வகுக்காதபடி அவருடைய புரோகிராமில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

வலை வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கணவர் பைக்கில் வந்தார். மனைவி புரோகிராமை மறுபடி ஓட்டிக் காட்டினார். கணக்குகள் ஒழுங்காக வந்துகொண்டே இருந்தன.

"இதுக்கா என்னை இழுத்துட்டு வந்த?"

"செத்த இருங்க, இப்ப வரும். சார், நீங்களும் பாத்தீங்கல்ல?"

"பார்த்தேம்மா" என்றேன். நான் செய்ததைச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் சிரித்த முகத்தோடு தட்டிக்கொண்டே இருந்தார். இனி அது வராது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.