ஸ்கொட்லாந்துப் பூட்டனும் என் மகளின் கல்யாணமும்

என் அப்பாவின் பாட்டன் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். கற்பிட்டிப் பக்கம் தென்னந்தோட்டம் பார்க்க வந்தவர், கடல்தொழில் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். இந்தக் கதையை நான் அளக்காத கல்யாண வீடே கிடையாது. என் மகளுக்குச் சம்பந்தம் பேச மன்னாரிலிருந்து வந்தவர்களிடமும் அளந்தேன். மாப்பிள்ளையின் தகப்பன் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“அந்த மனுசன்தானே எங்கட அப்பாவுக்கும் பாட்டன்!”

யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு எங்கள் பக்கத்துத் தலவிலக் கோயில் திருவிழாவுக்கு வந்த குடும்பம் அது. அங்கேதான் பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் கண்டு விரும்பினார்கள். வெள்ளைக்காரக் குடும்பப் பெயரை அவர்கள் எழுதி முடிப்பது ஒரு விதம், நாங்கள் வேறு விதம் என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஒரே மனிதரின் ஆண்மக்கள் வழி என்றால், எத்தனை தலைமுறை போனாலும் பிள்ளைகள் அண்ணன் தங்கச்சி முறை. எங்கள் கரையில் அப்படிக் கல்யாணம் செய்யமாட்டார்கள்.

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “வாயை வச்சிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே” என்று மனைவி என்னைத்தான் ஏசினாள். சரியாகத்தான் ஏசினாள்.

சம்பந்தியின் சின்ன வயதிலேயே அவருடைய அப்பா தவறிவிட்டார்; இடம்பெயர்ந்ததில் கடதாசிகளும் போய்விட்டன. முறையைச் சரியாக அறிய மறுநாளே இருவரும் எங்கள் பங்குக் கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் புத்தகங்களைப் புரட்டினோம். ஒவ்வொரு குருவும் அந்த வெள்ளைக்காரப் பெயரைத் தன் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். நாலு விதமாக எழுதியிருந்ததைத் தேடிப்பிடிப்பதற்குள் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பூட்டனையே இரண்டு தரம் திட்டிவிட்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் சம்பந்தியின் விரல் ஒரு வரியில் நின்றது.

“இது எங்கட அப்பா. பேரும் சரி, பிறந்த நாளும் சரி.”

தகப்பன் என்ற இடத்தில் மன்னார் மீனவர் ஒருவரின் பெயர் இருந்தது. தாய்தான் ஸ்கொட்லாந்துக்காரரின் மகள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். அதனால் பிள்ளைக்கு இங்கே ஞானஸ்நானம். அந்தப் பிள்ளை வளர்ந்தபின் தாயின் வெள்ளைக்காரப் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறான்.

“அப்ப, உங்கட ஆக்கள் பொம்பிளை வழியா?” என்றேன்.

“ஓம்.”

என் பாட்டன் அந்தப் பெண்ணின் கூடப்பிறந்தவர். அண்ணன் வழி நாங்கள், தங்கச்சி வழி அவர்கள். எங்கள் அப்பாமார் மச்சான்மார். பிள்ளைகளும் கட்டும் முறைதான். “இவ்வளவு தூரத்துச் சொந்தத்துக்குக் கோயில்லயும் தடை இல்ல” என்றார் புத்தகங்களை எடுத்துத் தந்த பாதர். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படவில்லை. சம்பந்தி இன்னும் தன் அப்பாவின் பெயரிலிருந்து விரலை எடுக்கவில்லை.

இரண்டு நாளாக அவரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

“எழும்புங்க மச்சான், வீட்ட போவம்” என்றேன். “பிள்ளை இன்னும் சாப்பிடல்ல.”