ஐந்தாவது தடவை

கட்டுப்பாடு முடிகிற இடத்தில்தான் காதல் தொடங்குகிறது என்று கதை எழுதிக்கொண்டிருந்தவள் நான். என் நாயகிகள் எல்லாரும் வீட்டை மீறி, ஊரை மீறி ஓடுவார்கள். வாசித்துவிட்டு என் ராத்தா சிரிப்பாள். "ஓடினவளெல்லாம் எங்க போய்ச் சோறாக்கினாள் எண்டு எழுதல்லயே புள்ள?" என்பாள். ஆகும், ஆகாது என்று எல்லாவற்றுக்கும் சட்டம் பார்க்கிற என் அக்காவுக்கு இலக்கியம் எங்கே விளங்கும் என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

சுனாமியில் அவளுடைய கைக்குழந்தை, ஒரே மகன், போய்விட்டான். மூத்த மகளோடு தப்பியவள், கடற்கரையிலிருந்து தள்ளியிருந்த பள்ளிக்கூடத்து வகுப்பறையில் என் பக்கத்தில் கிடந்தாள். மார்பில் பால் கட்டிக் காய்ச்சலாய்க் கொதித்தது. அதே அறைக்கு ஒரு தமிழ்ப் பெண் தன் அக்காவின் ஆண் குழந்தையோடு வந்தாள். தாய் காயப்பட்டு அம்பாறை ஆஸ்பத்திரியில். குழந்தை கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போயிருந்தது. ராத்தா கையை நீட்டி வாங்கி மார்போடு அணைத்துப் பால் கொடுத்தாள்.

எங்கள் மார்க்கத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு பெண்ணிடம் ஐந்து தடவை பால் குடித்த குழந்தை அவளுக்குப் பிள்ளை. அவள் பெற்ற பிள்ளைகளுக்கு அது கூடப்பிறந்தது. நாலோடு நின்றால் உறவில்லை.

நாலாவது தடவை கொடுத்து முடித்த கையோடு நிவாரணத்தில் பால்மா டின் வந்து சேர்ந்தது. எனக்குப் பெரிய நிம்மதி. ஒன்றைக் கடலுக்குக் கொடுத்தவள், நாளைக்குத் தாய் வந்து தூக்கிக்கொண்டு போகப்போகிற இன்னொன்றை எப்படித் தாங்குவாள்?

"போதும் ராத்தா. பால்மா இரிக்கு. இனிக் குடுத்தா ஒண்ட புள்ளயாகிடும்."

"தெரியும். நானும் எண்ணிட்டுத்தான் இரிக்கன்" என்றாள். அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லிக் குழந்தையை மடியில் போட்டாள்.

மீறுவதுதான் அன்பு என்று எழுதியவளின் கண்ணெதிரே, ஒருத்தி சட்டத்துக்குள்ளேயே நடந்துபோய், இழக்கப்போவது தெரிந்தே ஒரு மகனை எடுத்துக்கொண்டாள். இப்படியொருத்தியை நான் எந்தக் கதையிலும் படைத்ததில்லை. அல்லாஹ்வே, இது என்ன மனசு என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தாய் குணமாகி வந்து, குழந்தையைத் தங்கள் ஊரான திருக்கோவிலுக்குக் கொண்டுபோனாள். யுத்தம் நடந்த அந்த நாட்களில் தமிழர்கள் எங்கள் முஸ்லிம் ஊருக்கு வரவும் பயம், நாங்கள் அங்கே போகவும் பயம். ராத்தா தொழுதுவிட்டுக் கையேந்திக் கேட்கிற துஆக்களில் இரண்டு மகன்மாருக்காகவும் கேட்டாள்.

யுத்தம் முடிந்தது. பயம் தெளிய இன்னும் பல வருடங்கள் எடுத்தன. ஒரு நோன்புப் பெருநாளன்று அந்தத் தாய் எங்கள் வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் மீசை அரும்பத் தொடங்கிய ஒரு பையன்.

"உங்கட பால் குடிச்சவன் அக்கா. கொண்டுவந்து காட்டாம இருக்க ஏலாது" என்றாள்.

அந்நிய ஆண் வந்துவிட்டான் என்று ராத்தாவின் மகள் அவசரமாக முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அறைக்குள் போகத் திரும்பினாள். ராத்தா அவள் கையைப் பிடித்தாள்.

"முக்காட விடு மகள். ஒண்ட தம்பிதானே வந்திரிக்கான்."