கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம்

இடது பாதத்தின் மேல்புறத்தில், கட்டைவிரலுக்குச் சற்று மேலே, சுருக்கென்று ஏதோ குத்தியது. பிடுங்கிப் போட்டிருந்த வேர்க்கடலைக் கொடிக் குவியலை அள்ளப் போய், காலை அதற்குள் வைத்திருந்தேன். குவியலின் அடியில் ஏதோ நகர்ந்தது. அது என்னவென்று பார்க்கவில்லை. குனிந்தபோது காலில் இரண்டு புள்ளிகள் இருந்தன. ஒன்றில் மட்டும் ஒரு துளி ரத்தம்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. செய்யூருக்குப் பக்கத்து ஊர். கேளம்பாக்கத்தில் கணினி நிறுவன ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். விடுமுறையில் மட்டும் நிலத்தில் இறங்குவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு இருந்தவர் மனைவியின் அண்ணன் குமரேசன்.

"முள்ளா இருக்கும் மாப்ள. இல்லாங்காட்டி எலி," என்றார்.

நானும் அப்படியே நம்ப விரும்பினேன். ஆனால் பத்து நிமிடத்தில் எரிச்சல் கணுக்காலுக்கு ஏறியது. குமரேசன் தன் துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிவிட்டு ஆம்புலன்சை அழைத்தார். ஆம்புலன்சில் வந்த ஊழியர் முதல் வேலையாக அந்தக் கட்டைத் தளர்த்தி அவிழ்த்தார். "கட்டக் கூடாதுண்ணா. அப்புறம் காலே போயிடும். ஆட்டாம படுங்க," என்று ஒரு மட்டையை வைத்துக் காலை அசையாமல் செய்தார். கட்ட வேண்டும் என்றுதான் நாங்கள் சிறுவயதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தோம்.

செங்கல்பட்டில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் என்னை இறக்கியபோது மணி ஒன்பதரை. வாசலிலேயே ஒரு செவிலியர் கேள்விகள் கேட்டார். பாம்பைப் பார்த்தீர்களா? மூச்சு முட்டுகிறதா? கண் இமை கனக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். மணிக்கட்டில் ஒரு மஞ்சள் பட்டையைச் சுற்றினார். சிவப்புப் பட்டை என்றால் உடனே உள்ளே. பச்சை என்றால் பொறுக்கலாம். மஞ்சள் இரண்டுக்கும் நடுவில்.

"மஞ்சள்னா உங்கள மறந்துட்டோம்னு அர்த்தம் இல்ல. பாத்துகிட்டேதான் இருப்போம்," என்றார்.

அவர் சொன்னது காதில் விழுந்தது. மனதில் நிற்கவில்லை. எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் என்னைத் தாண்டி உள்ளே போனதுதான் நின்றது.

அரை மணி நேரம் கழித்து ஓர் இளம் பெண் மருத்துவர் வந்தார். காலைப் பார்த்தார். கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, வெறும் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கட்டில் தலைமாட்டில் நிறுத்தி வைத்தார். இருபது நிமிடம் யாரும் தொடக் கூடாது, அசைக்கக் கூடாது. அதற்குள் ரத்தம் உறைந்தால் நல்லது. உறையாமல் தண்ணீராக ஓடினால், விரியன் வகைப் பாம்பின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று பொருள். பாம்பைப் பார்க்காதவனுக்கு அந்தக் குழாய்தான் சாட்சி.

என் ரத்தத்தை நானே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இருபது நிமிடம் முடிந்ததும் மருத்துவர் குழாயைச் சாய்த்தார். உறைந்திருந்தது.

"இப்போதைக்கு நல்லா இருக்கு. ஆனா விஷம் மெதுவாவும் ஏறும். ஒரு மணி நேரம் கழிச்சு திரும்பப் பாக்கணும். அதுக்கப்புறமும் பாக்கணும். எங்கயும் போயிடாதீங்க."

இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு இதே போல ஒரு கட்டிலில் காத்திருக்க நேரலாம். அதனால் அடுத்து நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

பக்கத்துக் கட்டிலுக்கு விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் அங்கே ஓடினார்கள். திரையை இழுத்தார்கள். சற்று நேரத்தில் திரைக்குள் சத்தம் அடங்கியது. வெளியே ஒரு பெண்ணின் அழுகை தொடங்கியது. காலின் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன், திரும்பத் திரும்ப அழுத்தினேன். யாரும் என் பக்கம் வரவில்லை. அவ்வளவு பேர் நடுவில், எதற்கென்றே தெரியாமல் சாகக் காத்திருப்பதுபோல் இருந்தது.

குமரேசன் காதருகில் வந்தார். "ஒண்ணும் இல்லன்னு அவங்களே சொல்ட்டாங்க. இங்க குந்திகினு இருந்தா இல்லாத நோவுலாம் வந்துடும். வா, வூட்டுக்குப் போலாம்."

நான் எழுந்தேன். மஞ்சள் பட்டையைப் பிய்த்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நொண்டியபடி வாசலைத் தாண்டியபோது நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. பயம் போனதைக் குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் ஏறிய பேருந்து செங்கல்பட்டைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியிருந்தது. எதிர் இருக்கையில் காலிக் கருவாட்டுக் கூடையோடு ஓர் அம்மாள். கொஞ்ச நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, வாயெல்லாம் ரத்தமா கீது. பல்லு புடுங்கினியா?"

புறங்கையால் துடைத்தேன். சிவப்பு. நாக்கால் தடவியபோது எல்லா ஈறுகளிலும் உப்புச் சுவை. ரத்தம் எடுக்க ஊசி போட்ட இடத்துப் பஞ்சும் நனைந்திருந்தது. அதே நேரம் கைபேசி அடித்தது. மல்லிகா, என் மனைவி. வீட்டிலிருந்து தனியாகக் கிளம்பி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

"எங்க கீற நீ? பெட்ல ஆளக் காணோம். சிஸ்டரு ட்யூப கையில வெச்சிகினு உன்னத் தேடிகினு கீது."

அதற்கு மேல் அவள் கத்தவில்லை. "வந்துடு," என்று மட்டும் சொன்னாள்.

பேருந்தை நிறுத்தி இறங்கினோம். எதிர்த்திசையில் வந்த ஒரு ஷேர் ஆட்டோவை மறித்து ஏறினோம். ரயில்வே கேட் எதுவும் மூடியிருக்கவில்லை, வழியில் நெரிசலும் இல்லை. ஆனாலும் அந்தப் பயணம் முடியவே முடியாது என்று தோன்றியது. மறுபடி உள்ளே நுழைந்தபோது, கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இந்த முறை சிவப்புப் பட்டை. திரும்பவும் ஒரு கண்ணாடிக் குழாய். மருத்துவர் சாய்த்தபோது ரத்தம் தண்ணீர்போல் மறுபக்கம் ஓடியது. அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட அவருக்கு நேரமில்லை. விஷமுறிவு மருந்து நரம்பு வழியே ஏறத் தொடங்கியது. சிறிது நேரத்தில் உடல் முழுக்க அரிப்பு, தாடை கிட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர். ஒவ்வாமை என்றார்கள். மருந்தை நிறுத்தி, வேறு ஊசி போட்டு, மீண்டும் மெதுவாக ஏற்றினார்கள். மல்லிகா என் வலது காலைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ரத்தம் உறையத் தொடங்கியது. ஆனால் சிறுநீர் ஏறக்குறைய நின்றது. மூன்றாம் நாள் அரை டம்ளர் கூட வரவில்லை, வந்ததும் கருஞ்சிவப்பு. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; ரத்தத்தில் இது கூடினால் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்று பொருள்) ஏறிக்கொண்டே போனது. டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே ரத்தத்தைச் சுத்தம் செய்வது) ஏழு முறை நடந்தது.

நான்காவது முறை முடிந்த அன்று அந்த மருத்துவர் என்னைப் பார்க்க வந்தார். பல நாட்களாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டேன். "நான் எழுந்து போனதாலதான் கிட்னி போச்சா டாக்டர்?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "தெரியாது. மருந்து சீக்கிரம் ஏறியிருந்தா நல்லதுதான். ஆனா நேரத்துக்கு மருந்து ஏறினவங்களுக்கும் இப்படி ஆகியிருக்கு. உங்களுக்கு இதனாலதான்னு நான் சொன்னா அது பொய்."

அது ஆறுதலா தண்டனையா என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை.

குமரேசன் ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும் வந்தார். உள்ளே வர மாட்டார், தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மல்லிகா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"நான்தானே உன்ன இட்டுனு போனேன்," என்றார், தரையைப் பார்த்து.

"நடந்தது என் காலு மச்சான்," என்றேன்.

அதன் பிறகு அவர் உள்ளே உட்காரத் தொடங்கினார்.

இருபத்துநான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். அளவுக் குவளையில் சிறுநீரை அளந்து நோட்டில் எழுதுவது என் வேலை. ஒரு நாள் காலை குவளை நிரம்பியது. நான் மல்லிகாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரித்தாள், பிறகு அடுப்படிக்குப் போய் நெடுநேரம் வரவில்லை.

நாலு மாதம் ஆயிற்று. சிறுநீரகம் ஏறக்குறைய மீண்டுவிட்டது. பாதத்தில் கடிபட்ட புண் ஆறிய இடமும் அதையொட்டிய இரண்டு விரல்களும் மரத்துவிட்டன. முகம் மழிக்கும்போது சின்னக் கீறல் பட்டால், ரத்தம் நிற்கும்வரை கண்ணாடி முன்னால் நிற்கிறேன். நிற்கிறது. நின்ற பிறகும் நிற்கிறேன்.

போன வாரம் மீண்டும் வேனை எடுத்தேன். கிளட்ச் மிதிப்பது இடது கால். முன்பு அதை நினைத்ததே கிடையாது. இப்போது மிதித்த செய்தி என்னிடம் வந்து சேர ஒரு கணம் பிடிக்கிறது. கேளம்பாக்கம் சிக்னலில் பச்சை விழுந்ததும், பாதம் மிதியில் சரியாகப் பதிந்துவிட்டதா என்று உணரும்வரை பொறுக்கிறேன். பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, கால் வந்து சேர்ந்த பிறகே வண்டியை நகர்த்துகிறேன்.