போலந்து ஆன்ட்டிக்கு நான் வாத்தியார்

பத்து வயதில் ஒரு வெள்ளைக்காரிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன் என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. சிரிக்கிறார்கள். சத்தியமாக நடந்ததுதான். அபுதாபியில், எங்கள் வீட்டு ஹாலில், வெள்ளிக்கிழமைதோறும், சர்ச் முடிந்து வந்து அம்மா மீன் பொரிக்கும் வாசனைக்கு நடுவில் நடந்தது.

கட்டடங்கள் பாதியில் நிற்க, கிரேன்கள் அசையாமல் கிடந்த வருடம் அது. அப்பா ஊரை ஒட்டியிருந்த முசஃபாவில் ஒரு கட்டடக் கம்பெனி ஆபீஸில் எஸ்டிமேட் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் எங்களுக்கு இருந்தது ஒரே பயம்தான்: அப்பாவின் வேலை தங்குமா, போய்விடுமா? வேலை போனால் விசா போகும். விசா போனால் வீடு, என் ஸ்கூல், பால்கனியில் அம்மா பிள்ளைபோல வளர்த்த கறிவேப்பிலைச் செடி எல்லாம் போகும். மூட்டையைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு ஏற வேண்டியதுதான். எதிர் ஃப்ளாட்டில் இருந்த மலையாளிக் குடும்பம் அப்படித்தான் போனது. பெரியவர்கள் இதையெல்லாம் குசுகுசுவென்று பேசினார்கள். குசுகுசுவென்று பேசினால்தான் பிள்ளைகளுக்கு நன்றாகக் கேட்கும் என்பது அவர்களுக்கு ஏனோ தெரியவில்லை.

போலந்து ஆன்ட்டி அப்பாவின் ஆபீஸில்தான் இருந்தார். யாருக்கு லீவு, யாருக்கு விசா, யாரை எடுப்பது, யாரை அனுப்புவது என்கிற காகிதமெல்லாம் அவர் மேசைக்குத்தான் போகும். நெட்டையான மனுஷி. எதையும் நேருக்கு நேர் சொல்லிவிடுவார். அம்மா முதல்நாள் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை அதிகம், எனக்கு வேண்டாம் என்று சொல்லிக் கீழே வைத்தார். அம்மா ஆடிப்போனாள். அவர் ஊரில் அப்படித்தான் பேசுவார்களாம். அதுதான் வினையாகிவிட்டது. புதிதாக வந்த மேனேஜர், நீ எழுதுகிற கடிதம் கன்னத்தில் அறைகிற மாதிரி இருக்கிறது, டிவியில் பிசினஸ் நியூஸ் பார், அவர்கள் எப்படிப் பக்குவமாகப் பேசுகிறார்கள் என்று கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டாராம். ஆன்ட்டியும் பார்த்திருக்கிறார். அந்த வேகத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்பா சும்மா இருப்பாரா? என் மகள் இங்கிலீஷ் பேசினால் இங்கிலீஷ்காரனே தோற்றான் என்று பீற்றிக்கொண்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

அம்மாவின் கணக்கு வேறு. "ஏட்டி, ஒழுங்கா சொல்லிக்குடு. அவிய மனசு குளிரணும். நம்ம வீட்டு மீனத் தின்ன கை நம்ம வயித்துல அடிக்காது" என்று அடுக்களையில் என் காதைப் பிடித்துச் சொன்னாள். அவ்வளவுதான். அன்று பிடித்த பயம் அந்தக் குளிர்காலம் முழுக்க என்னை விடவே இல்லை. நான் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்து, ஆன்ட்டி அதை மேனேஜர் முன்னால் சொல்லிச் சிரிப்பாய்ச் சிரித்துவிட்டால்? அப்பாவின் வேலை என் நாக்கில் தொங்குவதாகவே நினைத்தேன். வியாழக்கிழமை சாயங்காலமே டிக்‌ஷனரியும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன்.

பாடம் நடத்தும் முறை ஆன்ட்டியுடையது. டிவியில் வியாபாரச் செய்தியை ஓடவிட்டு, கீழே ஓடும் எழுத்துகளை நான் நிதானமாக வாசிக்க வேண்டும். அவர் திருப்பிச் சொல்வார். பிறகு அந்த வார்த்தையை எங்கள் வீட்டுச் சமாச்சாரத்தில் வைத்து இருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அம்மாவின் கோபம் ஏறி இறங்கும், வோலட்டைல். மீன் விலை இறங்கினால் டவுன்டர்ன். அப்பாவின் சட்டைப்பையில் லிக்விடிட்டி இல்லை. அம்மாகூடத் தொற்றிக்கொண்டு, ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு "ஏங்க, இங்கயும் ரிசெஷன்தான்" என்பாள். ரீஸ்ட்ரக்சரிங், அதாவது சீரமைப்பு, என்ற வார்த்தைதான் ஆன்ட்டியோடு மல்லுக்கட்டியது. அதிலுள்ள ரகரத்தையெல்லாம் அவர் உருட்டு உருட்டென்று உருட்டினார். உருட்டாமல், பூப்போலச் சொல்லுங்கள் என்று நான் அதட்டுவேன். பாவம், தலையாட்டிக்கொண்டு மறுபடி சொல்வார்.

அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சு ஓடியது கசகசாவில். அபுதாபிக்குள் கசகசா கொண்டுவரக் கூடாது, ஏர்போர்ட்டில் பிடித்தால் ஜெயில்தான். கசகசா இல்லாத குருமாவை அம்மா குருமா என்று ஒப்புக்கொண்டதே இல்லை. ஆன்ட்டி ஊரிலோ கிறிஸ்துமஸ் கேக்குக்குள்ளேயே அரைத்த கசகசாவை வைத்துத்தான் சுருட்டுவார்களாம். இருவரும் கையாலேயே அரைத்துக் காட்டி, உச்சுக்கொட்டி, ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி வருத்தப்படுவார்கள். இனிப் பயமில்லை என்று அம்மா தெம்பாகிவிட்டாள்.

கிறிஸ்துமஸ் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை ஆன்ட்டி டிவியைப் போட வேண்டாம் என்றார். தானே கோத்த ஒரு நீள வாக்கியத்தைச் சொல்லிக் காட்டப் போவதாகவும், காதுக்கு எப்படி இருக்கிறதென்று நான் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: தற்போதைய சூழ்நிலையில் கம்பெனியைச் சீரமைக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டிருப்பதால், உங்கள் பொறுப்பைத் தொடர இயலாத நிலையில் இருக்கிறோம் என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். அத்தனையும் நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள்! எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை; மொத்தமாகச் சேர்த்தால் என்ன அர்த்தம் என்று யோசிக்கவும் தோன்றவில்லை. ஆனால் அவர் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டார்.

வாத்தியார் சும்மா இருக்கலாமா? எங்கள் மிஸ் ரேங்க் கார்டு கொடுக்கும்போது எப்படிப் பேசுவாரோ அப்படியே நடித்துக் காட்டினேன். முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீர் பக்கத்தில் வைக்க வேண்டும். அப்புறம் மெதுவாக. ஆன்ட்டி கவனமாகக் கேட்டுக்கொண்டார். யார் பெயரைச் சொல்வது என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா அப்பா அந்தப் பக்கம் போக வேண்டும்? லுங்கியும் பனியனுமாக, பொரித்த மீன் தட்டை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தபடி வந்தார். நான் சட்டென்று அப்பாவின் பெயரைச் சொன்னேன். அப்பாவும் குஷியாக, "தாராளமா, சொல்லுங்க மேடம், கேப்போம்" என்று எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆன்ட்டி அப்பாவின் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான். எழுந்து போய் வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார். கண்ணெல்லாம் சிவந்து திரும்பி வந்தவரைப் பார்த்து அம்மா பதறிப்போனாள். "ஐயையோ, மிளகாய்த்தூள் கூடிட்டு" என்று தயிர்க் கிண்ணத்தை நீட்டினாள். ஆன்ட்டி அந்தத் தயிரை ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டார். காரமில்லை என்று அவர் நேராகச் சொல்லாதது எனக்கு அப்போது வித்தியாசமாகவே படவில்லை.

அந்த வாரமே ஒருநாள் நான் ஸ்கூலிலிருந்து வரும்போது அப்பா வீட்டில் இருந்தார். அடுக்களை நிலையில் சாய்ந்து நின்று அம்மாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. மேடம் என்ன சொன்னாவ, அப்படியே சொல்லுங்க என்று அம்மா கேட்டாள்.

"ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாவ. உக்காரச் சொல்லி, தண்ணி வச்சு, பேரச் சொல்லி..." என்று தொடங்கி, அப்பா இங்கிலீஷில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார். பாதியில் நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மீதியை நான்தான் வாசலில் நின்று கடகடவென்று சொல்லி முடித்தேன், ஒரு எழுத்துப் பிசகாமல். சொல்லிவிட்டு ஆசையாக ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்து, ரீஸ்ட்ரக்சரிங்கை உருட்டாமல் சொன்னார்களா என்று கேட்டேன்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா என் தலையில் கைவைத்து, "உருட்டல பிள்ள. பூமாதிரி சொன்னாவ" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. நான் தப்பாக எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. இனி அப்பாவின் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆன்ட்டி வரவில்லை. அம்மா மீன் வாங்கவில்லை. ஹாலில் பெட்டிகள் திறந்து கிடந்தன. நான் அவற்றுக்கு நடுவில் டிக்‌ஷனரியை விரித்து வைத்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கேயோ ஒன்றைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன், அதனால்தான் ஆன்ட்டி கோபித்துக்கொண்டார் என்று.