எழுமலை பஸ், இருபத்தைந்து நிமிடத் தண்ணீர், ஒரு பிஎச்.டி. விண்ணப்பம்

இயற்பியல் படித்துவிட்டு மானுடவியலில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க முடியுமா என்று மாதத்துக்கு ஒருவராவது எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். தாராளமாக முடியும். ஆனால் நான் அதற்கு எழுமலைப் பக்கம் ஒரு பஸ் பயணம் போக வேண்டியிருந்தது. அந்தக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1982 நவம்பர். எனக்கு இருபத்துமூன்று வயது, கல்லூரி ஆய்வகத்தில் வேலை. மாணவிகள் ஊசலை ஆட்டி நேரம் குறிப்பார்கள். எனக்கோ யார் யாருக்கு நோட்டைக் காட்டுகிறாள், யாருக்கு மறைக்கிறாள் என்பதுதான் கண்ணில் படும். மனிதர்கள் கூடி வாழ்வதைப் படிக்கத் தனியாக ஒரு படிப்பே இருக்கிறது என்று தெரிந்ததும் தலைகால் புரியவில்லை. நான்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதினேன். மூன்று கையை விரித்துவிட்டன. நான்காவதில் ஒரு பேராசிரியை மட்டும், "வேறு படிப்பு என்பது குறையில்லை. நீங்கள் நேரில் பார்த்த ஒன்றைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதி டிசம்பருக்குள் அனுப்புங்கள்" என்று பதில் போட்டிருந்தார். அதை விட்டால் எனக்கு வேறு கதவு இல்லை.

அந்தப் பத்துப் பக்கத்துக்கு விஷயம் தேடி ஒரு சனிக்கிழமை காலை எட்டரைக்கு வில்லாபுரத்திலிருந்து டவுன் பஸ், பிறகு உசிலம்பட்டி பஸ். காளவாசலைத் தாண்டவே அரைமணி ஆனது. நாற்பது கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். உசிலம்பட்டியில் தெரிந்த அரசு டாக்டரிடம் மதியம்வரை காத்திருந்து மதிப்பெண் பட்டியல் நகல்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டீ குடித்து, ஒன்றே முக்கால் மணி எழுமலை வண்டியில் ஏறினேன். ஒன்றரை ரூபாய் டிக்கெட். மூன்று கிலோமீட்டர் போனதும்தான் மடியைப் பார்த்தேன். அசல் சான்றிதழ்கள் இருந்த ஃபைலை டீக்கடை பெஞ்சிலேயே விட்டுவிட்டேன்!

நான் போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். "அழுகாத தங்கச்சி, இந்தா வாரேன்" என்று கண்டக்டர் எதிரே வந்த ஒருவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு பறந்தார். இருபத்தைந்து நிமிடத்தில் ஃபைலோடு வந்து சேர்ந்தார். அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது.

எழுமலைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் நான் இறங்க வேண்டிய நிறுத்தம். என் சிநேகிதியின் அம்மா பேச்சியம்மாள் அங்கே விவசாயம் செய்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். டிரைவர் ஹாரன் அடித்தார். உடனே கிணற்றடியில் ஒருவர் மண்வெட்டியால் தன் மடையை அடைத்து, தண்ணீரை அத்தையின் கத்தரித் தோட்டத்துக்குத் திருப்பினார். அவர் அத்தையின் கொழுந்தனார் மாயாண்டி. கிணறு இருவருக்கும் பொது.

நான் அறுபத்திரண்டு கேள்விகளோடு போயிருந்தேன். முதல் கேள்வி, "வீட்டில் எத்தனை பேர்?"

"சோத்துக்கா, வேலைக்கா?" என்றார் அத்தை.

அத்தோடு கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டு, ஹாரனைப் பற்றிக் கேட்டேன். மத்தியானம் பஸ் வரும்வரை மாயாண்டி முறை, வந்தபின் நாலு மணிக்கு மோட்டார் கரண்ட் போகும்வரை அத்தை முறை. காலையில் தலைகீழாக, முதலில் அத்தை, ஏழரை பஸ் வந்ததும் மாயாண்டி.

"இன்னைக்கு அம்புட்டுத்தான். பஸ்ஸு பிந்திருச்சு, கடைசிப் பாத்தி காஞ்சு கெடக்கு" என்றார் அத்தை.

பிந்தியது என் ஃபைலால். மழை ஏமாற்றிய வருடம் அது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காது. சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு, இனி பஸ்ஸுக்குப் பதில் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று என் கைக்கடிகாரத்தையும் கழற்றி மாயாண்டியிடம் நீட்டினேன். நொடி பிசகாது என்று பெருமை வேறு.

மாயாண்டி அதை வாங்கவே இல்லை. "அது யாரு கையில இருக்கும்? எங்கிட்ட இருந்தா மதினி நம்பாது, மதினிட்ட இருந்தா நான் நம்ப மாட்டேன். பஸ்ஸு ரெண்டு பேருக்கும் சொந்தமில்ல, அதான் அது சொல்றது நேரம். பிந்துனா சாமி விட்ட வழின்னு போவோம். இப்ப நீயில்ல தாயி இடையில பூந்துட்ட!"

நேரத்தை அளப்பதே என் படிப்பு. ஆனால் துல்லியமான கடிகாரத்தைவிட, பங்காளிகள் கைபடாத கடிகாரம்தான் இங்கே வேண்டும் என்பது எனக்கு உறைத்ததே இல்லை. வெட்கமாகவும் இருந்தது, குதிக்க வேண்டும்போலவும் இருந்தது.

தீர்ப்பையும் மாயாண்டியே சொன்னார். "காலைல மதினி முறை. ஏழரை வண்டியிலதான போற? அதையும் அம்புட்டு நேரம் பிடிச்சு நிறுத்து. சரிக்குச் சரி."

மறுநாள் பஸ் வந்ததும் ஓடிப்போய்ப் படியைப் பிடித்துக்கொண்டேன். அதே கண்டக்டர். "இப்ப என்னத்தக் காணோம்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அண்ணே, ஆரன் அடிச்சிராதீக" என்று டிரைவரிடம் சொன்னார். வண்டியில் இருந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கிணற்றில் பங்கு இருந்தது. வெற்றிலைப் பை அவிழ்ந்தது. பதினைந்தாவது நிமிடம் பின் சீட்டிலிருந்து ஒரு குரல்.

"எடுப்பா வண்டிய! எங்க ஊருல இந்த வண்டிய நம்பித்தான் என் முறை. பங்காளிப்பய இந்நேரம் கெணத்தையே வத்த வச்சிருப்பான்!"

சிரிப்பில் பஸ்ஸே ஆடியது. ஹாரன் அடித்துக் கிளம்பிவிட்டார்கள்.

பத்துப் பக்கமும் அதைத்தான் எழுதினேன். வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். பழைய படிப்பை ஒளிக்காதீர்கள். அது எங்கே கைவிட்டது என்று எழுதுங்கள். கேள்வித்தாள் கொண்டு போனாலும் மடிக்கத் தயாராக இருங்கள். அசல் சான்றிதழை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். உசிலம்பட்டியில் டீ குடித்தால் பெஞ்சைத் திரும்பிப் பாருங்கள்.

ஏப்ரலில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. வீட்டில் லட்டு வாங்கினார்கள். கடிதத்தின் அடியில் பேராசிரியை கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: "கணக்கு நேராகிவிட்டது என்று முடித்திருக்கிறீர்கள். அந்த அம்மாவிடம் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. மறுநாளே பஸ் ஏறினேன். அத்தை களை வெட்டிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் குறைகிறதே, நேராகிவிட்டது என்று எழுதலாமா என்று கேட்டேன்.

"நேராயிருச்சுன்னு சொல்லிப்புட்டா அப்பறம் நீ எதுக்குத்தா இந்தப் பக்கம் வரப்போற?" என்றார் அத்தை. "கொறையாவே கெடக்கட்டும்."