பதினான்கு நாளும் எனக்கே

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, மார்த்தாண்டம் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீசில் சேர்ந்தேன். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வர ஐந்து நிமிடம் பிந்தினால், வண்டி மோதிவிட்டது என்று முடிவே கட்டிவிடுவேன். ஆகவே, கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து என் வயிறு எரியத் தொடங்கியபோது எல்லோரிடமும் தீர்ப்பு தயாராக இருந்தது.

"ஏட்டி, ஒனக்க கவலதான் ஒனக்க வயித்தத் திங்குது," என்பாள் பக்கத்துப் பலகையில் கொட்டை உடைக்கும் அக்கா.

"நீயா இழுத்துவச்ச தீனம்," என்று நோய்க்கு என்னையே குற்றம் சொல்வார் என் வீட்டுக்காரர்.

நானும் நம்பினேன். மூன்று வருடம் ரோஸ் நிற மருந்தைக் குடித்தேன்; கவலைப்படுவதை எண்ணியும் கவலைப்பட்டேன். உள்ளே ரத்தம் கசிந்து மலம் கறுப்பாகப் போன அன்றுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

தொண்டை வழியாகக் குழாய் விட்டு, வயிற்றிலிருந்து துளி சதையைக் கிள்ளி எடுத்தார்கள். அதை மஞ்சள் மருந்தில் போட்டதும் சுண்ணாம்பு பட்ட மஞ்சளைப்போலச் சிவந்தது. "கிருமி இருக்கு," என்றார் டாக்டரம்மா. என்னைவிடச் சின்ன வயசு.

"அப்போ, கவலையால வந்தது இல்லியா?"

"கவலைப்பட்டா வலி கூடுதலாத் தெரியலாம். புண்ணு வச்சது இதுதான்."

அவ்வளவு புளிப்பான அமிலத்துக்குள் அது எப்படிச் சாகாமல் கிடக்கிறது என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். தன்னைச் சுற்றி அமிலத்துக்கு எதிரான ஒரு காரப்பொருளை உண்டாக்கி அமிலத்தை மட்டுப்படுத்திக்கொள்ளுமாம். எனக்குச் சட்டென்று விளங்கியது. கொட்டையின் எண்ணெய் விரலைப் பொள்ளவைக்காமலிருக்க நாங்கள் சாம்பல் பூசிக்கொண்டு உட்காருவோமே, அதே வேலைதான். அந்தக் கிருமிக்கு நூல்போல வால்கள் உண்டு. அவற்றைச் சுழற்றிக்கொண்டு, வயிற்றின் உள்சுவரை மூடிய கொழகொழப்பைத் துளைத்து, அமிலம் குறைந்த அடிப்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். உடம்பின் காவலாட்கள் தேடி வந்தால், நம் சதையைப் போன்ற மேல்பூச்சைக் காட்டி ஏமாற்றிவிடும். ஆள் தெரியாமல் அவர்கள் போடும் சண்டையில் புண்ணாவது நம் வயிறுதான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திருடன் உள்ளே சுகமாக இருக்க, பழியைச் சுமந்தது நான்!

மூன்று வகை மாத்திரைகள், காலையும் மாலையும், பதினான்கு நாள். எரிச்சல் நின்றாலும் நிறுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். வாயெல்லாம் கசந்தது. ஐந்தாம் நாள் எரிச்சல் நின்றது.

அன்றே அக்கா கை நீட்டினாள். அவளுக்கும் இதே எரிச்சல். தலைவலி மாத்திரையைக்கூட இரண்டாக உடைத்துத் தின்பது எங்கள் ஆபீஸ் வழக்கம்.

"ஒனக்குத்தான் நின்னாச்சே. மிச்சத்துல பாதிய இஞ்ச தா."

நான் மயங்கி விழுந்த நாளில் தன் சோற்றை ஊட்டிவிட்டவள் அவள். என் கை பைக்குள் போய்விட்டது. வெளியே எடுத்தேன், வெறுங்கையை.

"தரமாட்டேன், எக்கா."

"மாத்திரைக்கா இந்தப் பாடு?"

"பாதி நீயும் பாதி நானும் தின்னா ரெண்டுபேருக்க வயித்திலயும் கிருமி சாவாது. மருந்துக்க ருசி பழகி, பின்ன எந்த மருந்துக்கும் அடங்காது. வா, நீயும் குழாய் விட்டுப் பாரு. நானும் கூட வாறேன்."

"கேட்டியளா, எட்டாங்கிளாஸ் டாக்டரு!"

வரிசை முழுக்கச் சிரித்தது. மறுநாள் அக்கா பலகையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். அவளுக்கும் ரத்தம் போய்விடுமோ என்று பயந்தேன். பயந்துகொண்டேதான் ஒரு வேளை தவறாமல் விழுங்கினேன். தினமும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மாத்திரை முடிந்து ஒரு மாதத்துக்குமேல் ஆனபின் மறுபடி பரிசோதித்தார்கள். கிருமி இல்லை. மத்தியானச் சோற்று நேரத்தில் ஆபீசில் எல்லோருக்கும் கேட்கும்படி அதைச் சொன்னேன்.

"அப்போ ஒனக்க கவலயும் போச்சா?" அக்காதான் கேட்டாள், அவ்வளவு நாளுக்குப் பிறகு.

"கவல எங்க போவும்? அது அப்பிடியேதான் இருக்கு. இனி எவளாவது அதுமேல பழிபோட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "திங்கக்கெழம ஆஸ்பத்திரியில கூட்டம் இருக்குமா?"

"இருக்கும். காலத்தே ஏழு மணிக்கெல்லாம் போவணும், கேட்டியா? குழாய் விடுறதுக்கு முன்ன பாலில்லாத கட்டஞ்சாயாகூட குடிக்கப்பிடாது."